மணந்தாரோடு வாழும் உரிமை
ஐரோப்பியச் சட்டத்தில் அயல்நாட்டுத் துணைவரின் வரலாறு

ஜெர்மனி நாட்டுப் பெர்லின் நகரில் ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் இருப்பனவாகக் கொள்வோம். ஒன்றில் குடியிருப்பவன் ஜெர்மானியன். மற்றொன்றில் குடியிருப்பவன் அங்கே தொழிலுக்கு வந்து தங்கிய பிரெஞ்சுக்காரன். இருவரும் சென்னைக்குச் சென்று ஒரு வீட்டுப் பெண்களாகிய தமக்கையையும் தங்கையையும் மணந்துகொண்டனர் என்க. பெண்கள் இருவரும் இப்போது தத்தம் கணவரிடம் போதல் வேண்டும். பிரெஞ்சுக்காரனை மணந்த தங்கை, தன் பாஸ்போர்ட்டையும் மணப் பத்திரத்தையும் காட்டிக் கட்டணம் ஏதுமின்றி விசாப் பெற்று விமானம் ஏறிவிடலாம். ஜெர்மானியனை மணந்த தமக்கையோ, 2007-ஆம் ஆண்டில் வந்த விதியின்படி, ஜெர்மன் மொழியில் தொடக்கப் பரீட்சை ஒன்றில் தேறி அதற்குரிய சான்றையும் காட்டினாலொழியப் பொதுவாகப் புறப்பட இயலாது. சொந்த மண்ணில் வாழும் மகனுக்கு இல்லாத வசதி அயலூரிலிருந்து வந்து குடியேறினவனுக்கு இருக்கின்றது! இவ்விந்தை எங்ஙனம் விளைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை வெறும் சட்ட நுணுக்கமென்று தள்ளிவிடுதல் தகாது. ஒருத்தியும் ஒருவனும் மனமொத்து மணந்துகொண்ட பிறகு, அவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழலாமா என்று தீர்மானிப்பவர் யார்? அவர்களா, பெற்றோரா, மதகுருவா, சர்க்கார் குமாஸ்தாவா? கலியாணத்திற்குப் புரோகிதன் வேண்டுமா என்று வாதாடிய இயக்கத்தைக் கண்ட நம் வாசகர்க்கு, இக்கேள்வி புதியதன்று. புரோகிதனை நீக்கிய இடத்தில் எல்லைக் காவலன் வந்து உட்கார்ந்துகொண்ட கதையே ஐரோப்பாவின் கதை.

பழைய நிலையை முதலில் நோக்குவோம். 1804-ஆம் ஆண்டில் நெப்போலியன் வெளியிட்ட பிரெஞ்சுச் சிவில் சட்டத் தொகுதி, மனைவி கணவனுடைய நிலையையே பின்பற்றுவாள் என்று விதித்தது. பிரெஞ்சுக்காரனை மணந்த அயல்நாட்டுப் பெண் அந்தக் கணமே பிரெஞ்சுப் பிரஜையானாள். அயலானை மணந்த பிரெஞ்சுப் பெண் தன் நாட்டை இழந்தாள். ஐரோப்பாவின் பெரும்பகுதி இதனைப் பின்பற்றியது. இங்கிலாந்து, 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரிட்டிஷ் பிரஜையை மணந்த அயலாளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அயலானை மணந்த தன் பெண்ணை வெளியே தள்ளியது. 1914-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி ஏகாதிபத்தியம் முழுவதற்கும் பொதுவாக்கிற்று. நம் ஜலசந்திக் குடியேற்றங்களும் அதற்கு விலக்கல்ல. சிங்கப்பூரிலோ பினாங்கிலோ பிறந்த தமிழ்ப்பெண் பிறப்பினாலே பிரிட்டிஷ் பிரஜை; அவள் ஒரு டச்சுக்காரனை மணந்திருப்பின், அவள் பிறந்த ஊரிலேயே அந்நியளாய் நின்றிருப்பாள்.

அவ்வாண்டே மூண்ட உலகப் போர் இதன் கொடுமையை இங்கிலாந்துக்குக் காட்டிற்று. லண்டனிலே பிறந்து, லண்டனிலே வளர்ந்து, ஜெர்மானியனை மணந்த ஒரே காரணத்தால் ஆங்கிலப் பெண்கள் பகைநாட்டாராகக் கருதப்பட்டுப் போலீஸ் நிலையத்தில் பெயர் பதிய நேர்ந்தது. மாதர் சங்கங்கள் இதனை எதிர்த்து நெடுங்காலம் கிளர்ச்சி செய்தன. பிரான்சு 1927-இல் சட்டத்தைத் திருத்தி, அயலானை மணக்கும் பெண் தன் பிரஜா உரிமையை வைத்துக்கொள்ள வழி செய்தது. 1930-இல் ஹேக் நகரில் கூடிய சர்வதேச மகாநாடு, கணவனுடைய நாட்டுரிமை கிடைக்காத பெண் தன் உரிமையையும் இழந்து நாடற்றவளாகக் கூடாது என்ற அளவுக்கு இசைந்தது. இங்கிலாந்து அதனை 1933-இல் சட்டமாக்கி, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மனைவியின் பிரஜா உரிமையைக் கணவனுடையதிலிருந்து முற்றிலும் பிரித்தது. அது 1949 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

பெண் தனக்கென ஒரு நாடு பெற்றாள். இது பெருவெற்றியே, ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு சீர்திருத்தத்தின் பின்னும் ஒரு புதிய வினா நிற்பது உலக இயல்பு. முன்னாளில் மணந்தவுடன் மனைவி கணவனுடைய பிரஜா உரிமையைப் பெற்றதனால், அவளை அவன் நாட்டு வாயிலில் நிறுத்த யாராலும் இயலாது. இப்போது இருவருக்கும் இரு பாஸ்போர்ட்டுகள். 1914-க்கு முன் ஐரோப்பாவின் பல எல்லைகளைப் பாஸ்போர்ட்டே இன்றிக் கடக்கலாம். போருக்குப் பின்னோ எல்லாக் கதவுகளும் தாழிடப்பட்டன. கணவன் உள்ளே, மனைவி வெளியே என்ற நிலை அப்பொழுதுதான் பிறந்தது. ஆண்மகன் மனைவியின் நாட்டைப் பின்பற்றுவதோ பழைய சட்டத்திலும் இல்லை, புதியதிலும் இல்லை. பிரிட்டிஷ் பெண்ணை மணந்த அயலான் எந்நாளும் வாயிலில் நிற்கவேண்டியவனே.

இந்நிலையில் விடை எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, அதாவது நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து, வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பெல்ஜியத்தில் சுரங்கத்துக்கு ஆள் இல்லை. இத்தாலியில் ஆளுக்கு வேலை இல்லை. 1946-இல் இரு சர்க்கார்களும் உடன்படிக்கை செய்துகொண்டன: இத்தாலி ஆட்களை அனுப்பும், பெல்ஜியம் நிலக்கரி கொடுக்கும். மனிதனுக்கு ஈடு கரி! நம் முன்னோர் கங்காணியின் பின்னே கப்பலேறி வந்ததை எண்ணுவோர்க்கு இவ்வியாபாரத்தின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை. 1956 ஆகஸ்டு 8-ஆம் நாள் மார்சினெல் என்ற ஊர்ச் சுரங்கத்தில் தீப்பற்றி 262 பேர் மாண்டனர்; அவருள் 136 பேர் இத்தாலியர்.

அடுத்த ஆண்டிலே, 1957 மார்ச் மாதம், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் ரோமாபுரியில் கூடி ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவின. ஒரு நாட்டுத் தொழிலாளி மற்றொரு நாட்டில் தடையின்றி வேலை செய்யலாம் என்பது அவ்வொப்பந்தத்தின் தூண்களுள் ஒன்று. பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வா என்றால் தொழிலாளி வரமாட்டான், வந்தாலும் நிலைக்கமாட்டான். இதனை உணர்ந்து, 1968 அக்டோபர் 15-ஆம் நாள் 1612 என்ற எண் கொண்ட விதியை வெளியிட்டனர். அதன் பத்தாம் பிரிவு, தொழிலாளியின் துணைவரும், 21 வயதுக்கு உட்பட்ட மக்களும், அவரை அண்டி வாழும் பெற்றோரும் அவருடன் குடியிருக்கலாம் என்று கூறியது. அவர் எந்த நாட்டுப் பிரஜையாயினும் சரி என்றும் அதனோடு சேர்த்து எழுதப்பட்டது. எழுதியோர் கருத்தில் இருந்தவர் இத்தாலியச் சுரங்கத் தொழிலாளரின் மனைவியரே. ஆனால் அச்சிறு சேர்க்கையால், சென்னையிலும் தக்காரிலும் மணிலாவிலும் பிறந்தவர்க்குக் கதவு திறந்தது. சட்டம் இயற்றுவோன் ஒரு தேவைக்கு எழுதுகிறான். சட்டமோ தன் வழியே நடந்து வேறோரிடம் போய்ச் சேர்கிறது.

கதவு எவ்வளவு திறந்தது என்பதை லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் ஒவ்வொரு வழக்காக அளந்தது. 1982-இல் சுரிநாம் நாட்டுத் தாய்மார் இருவர், டச்சுப் பிரஜைகளான தம் பிள்ளைகளோடு நெதர்லாந்தில் வாழ வேண்டி வழக்காடினர். அப்பிள்ளைகள் வேறு ஐரோப்பிய நாட்டில் ஒருநாளும் வேலை செய்தவரல்லர். ஆகவே இஃது உள்நாட்டு விவகாரம், ஐரோப்பியச் சட்டம் இதில் தலையிடாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. நாம் தொடக்கத்திற் கண்ட தமக்கை தங்கை விந்தையின் வேர் இங்கேதான் இருக்கிறது. எல்லையைக் கடந்தவனுக்கே ஐரோப்பா. கடவாதவனுக்கு அவனவன் நாட்டுச் சட்டம். 1985-இல் மற்றொரு வழக்கு. பிரெஞ்சுக் கணவனோடு பெர்லினில் வாழ்ந்த செனெகல் நாட்டுப் பெண்ணொருத்தி, விவாகரத்துச் செய்யும் எண்ணத்தோடு தனி வீட்டில் வசித்தாள். ஒரே வீட்டில் இல்லையே என்று அதிகாரிகள் அவளை வெளியேற்ற முயன்றனர். மணம் சட்டப்படி முறிக்கப்படும் வரையில் அது மணமே. தம்பதிகள் ஒரே கூரையின்கீழ் உறங்கினரா என்று கணக்கெடுப்பது சர்க்காரின் வேலையன்று என்ற கருத்துப்படத் தீர்ப்பு வந்தது.

இக்காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததைக் கூறாமல் மேலே செல்லுதல் இயலாது. 1979-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தனக்கு நிச்சயிக்கப்பட்டவனை மணக்க இந்தியாவிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயதுள்ள ஆசிரியை ஒருத்தி, கன்னிதானா என்று மருத்துவரால் சோதிக்கப்பட்டாள். ஏற்கெனவே மணமானவளாயிருந்தால் விசா இன்றி வந்த குற்றம் ஆகும் என்பது அதிகாரிகள் கூறிய நியாயம். பத்திரிகையில் செய்தி வெளிவந்ததும் நாடே நாணிற்று; அச்சோதனை நிறுத்தப்பட்டது. நாகரிகத்தின் தலைநகரம் என்று நம்மவர் போற்றிய ஊரில், நம் பெண்ணின் மானம் ஒரு முத்திரைக்காக வாங்கப்பட்டது.

அடுத்து வந்தது வேறொரு தடை. 1980-இலும் 1983-இலும் விதிகளை இறுக்கி, பிரிட்டனில் உள்ள பெண்ணை மணந்துவரும் ஆடவன், தான் மணந்ததன் முதன்மை நோக்கம் பிரிட்டனில் குடியேறுவதன்று என்று தானே மெய்ப்பிக்க வேண்டும் என்றனர். உள்ளதை மெய்ப்பிக்கலாம், இல்லாததை எவ்வாறு மெய்ப்பிப்பது? பெற்றோர் பார்த்து முடித்த மணம் என்றால் ஐயம் இருமடங்காயிற்று. இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். சாதியும் சீரும் பார்த்துப் பெற்றோர் முடிக்கும் மணங்களில் நமக்கும் குறைகாண நிரம்ப உண்டு. அவற்றைத் திருத்தவே நம் போன்றோர் எழுதுகிறோம். ஆனால் அத்திருத்தத்தை நம் பெண்களும் ஆண்களும் செய்ய வேண்டுமேயன்றி, பம்பாயிலோ டாக்காவிலோ மேசைக்குப் பின்னே அமர்ந்த பிரிட்டிஷ் அதிகாரி, விசாவை மறுப்பதன் வாயிலாகச் செய்தல் ஆகாது.

பிரிட்டனில் சட்டப்படி குடியிருந்த மூன்று பெண்கள், தம் கணவரை வரவிடவில்லையென்று ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தனர். (இது லக்ஸம்பர்க் நீதிமன்றத்தின் வேறானது, வாசகர் மயங்கவேண்டா.) ஆண்கள் மனைவியரை எளிதில் வரவழைக்கலாம், பெண்கள் கணவரை வரவழைக்க இயலாது என்பது ஆண் பெண் வேற்றுமை பாராட்டுவதே என்று 1985 மே 28-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. அப்துல் அஸீஸ் முதலானோர் வழக்கென்று இது வழங்கும். பிரிட்டிஷ் சர்க்கார் தீர்ப்பிற்குக் கீழ்ப்படிந்தது. எப்படியெனில், பெண்களுக்கிருந்த தடையை நீக்கியன்று, அத்தடையை ஆண்கள் மீதும் சுமத்தி! சமத்துவம் கேட்டார்க்குச் சமத்துவம் கொடுக்கப்பட்டது. சமத்துவம் என்ற சொல்லை மட்டும் கேட்பார், அது எந்தப் படியில் நின்று அளக்கப்படும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. முதன்மை நோக்க விதி 1997-இல் தான் ஒழிந்தது.

இத்தகைய பூட்டுக்குச் சாவி செய்தவர் சுரிந்தர் சிங் என்னும் இந்தியர். அவர் 1982-இல் பிராட்போர்டு நகரில் பிரிட்டிஷ் பெண்ணொருத்தியை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் கூலி வேலை செய்து, பின் பிரிட்டனுக்குத் திரும்பிச் சொந்தத் தொழில் தொடங்கினர். 1987-இல் மணம் முறியத் தலைப்பட்டது. சர்க்கார் அவரை வெளியேற்ற முனைந்தது. வழக்கு லக்ஸம்பர்க் வரை சென்றது. 1992 ஜூலை 7-ஆம் நாள் வந்த தீர்ப்பின் தர்க்கம் எளியது, ஆனால் கூரியது. ஒரு பிரிட்டிஷ் பெண் ஜெர்மனிக்குச் சென்று வேலை செய்யும்போது, அவள் கணவனுக்கு அங்கே ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது. தாய்நாட்டுக்குத் திரும்பும்போது அவ்விடம் பறிபோகும் என்றால், அவள் முதலிலேயே புறப்படத் தயங்குவாள். அத்தயக்கம் தொழிலாளர் இயக்கத்திற்குத் தடை. ஆகவே திரும்பும்போதும் அவ்வுரிமை தொடர்ந்து வரவேண்டும். முறிந்துபோன ஒரு மணத்தின் வழக்கினால், முறியாத எத்தனையோ மணங்களுக்கு வழி பிறந்தது வரலாற்றின் குறும்பு என்றே சொல்லவேண்டும்.

இதன் பொருளை மக்கள் விரைவில் உணர்ந்தனர். தன் நாட்டில் மனைவியோடு வாழ இயலாதவன் பக்கத்து நாட்டுக்குப் போகட்டும், அங்கே உண்மையாய் வேலை செய்து குடித்தனம் நடத்தட்டும், பிறகு திரும்பட்டும். நேர்வழி அடைபட்டால் சுற்றுவழி.

இச்சுற்றுவழியை உலகறியச் செய்தவர் டென்மார்க்கு நாட்டினர். 2002-இல் அந்நாட்டுச் சர்க்கார், அயல்நாட்டுத் துணைவரை வரவழைக்கத் தம்பதிகள் இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவருக்கும் சேர்ந்து டென்மார்க்கோடு உள்ள பற்று வேறெந்த நாட்டோடும் உள்ளதினும் மிகுந்திருக்க வேண்டும் என்று விதித்தது. கட்டாயக் கலியாணத்தைத் தடுப்பதே நோக்கமென்று சொல்லப்பட்டது. 18 வயதில் வாக்களிக்கலாம், பட்டாளத்தில் சேரலாம். மனைவியோடு வாழ மட்டும் 24 ஆகவேண்டும்! நல்வினையாகவோ என்னவோ, அதற்கு இரண்டாண்டு முன்பே, 2000 ஜூலையில், கோபன்ஹேகனுக்கும் சுவீடன் நாட்டு மால்மோ நகருக்கும் இடையே கடல்மீது ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டிருந்தது. இளந்தம்பதிகள் பாலத்தைக் கடந்து மால்மோவில் குடியேறினர்; காலையில் ரயிலேறிக் கோபன்ஹேகனில் வேலை பார்த்து, மாலையில் சுவீடனுக்கு வீடு திரும்பினர். தன் ஊரைக் கண்ணாற் காணும் தொலைவில் அயல்நாட்டில் படுத்துறங்கிய அவர்களால், காதற் பாலம் என்ற பெயரும் அதற்கு வழங்கிற்று.

அப்படிப் பாலம் கடந்தவருள் ஒருவர், டோகோவில் பிறந்து கானாவில் வளர்ந்து டென்மார்க்குப் பிரஜையானவர். கானா நாட்டுப் பெண்ணை மணந்தவர். 28 ஆண்டு டென்மார்க்குப் பிரஜையாக இருந்தவர்க்குப் பற்றுச் சோதனை இல்லையென்று சர்க்கார் ஒரு விலக்கு அளித்திருந்தது. பிறப்பினால் பிரஜையானவனுக்கு 28 வயதில் கிட்டுவது, இடையில் பிரஜையானவனுக்கு முதுமையில்தான் கிட்டும். பிரஜை என்றால் பிரஜைதானே, அதில் மேற்குலம் கீழ்க்குலம் ஏது? 2016 மே 24-ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் பேரவை, இது பிறப்பு வழி நோக்கிய வேற்றுமையே என்று கண்டது. பற்றுச் சோதனை 2018-இல் வேறு விதிகளுக்கு இடம்விட்டது. 24 வயது விதி பின்னும் நின்றது.

இதற்கிடையே லக்ஸம்பர்க்கில் தீர்ப்புகள் ஊஞ்சல்போல் ஆடின. 2002-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணொருத்தியின் வழக்கில் நீதிமன்றம் மிக இரங்கியது: பிரிட்டிஷ் கணவன் பிற ஐரோப்பிய நாடுகளுக்குத் தொழில் நிமித்தம் போய்வருகிறான், அவன் பிள்ளைகளை அவள் பேணுகிறாள், அவளை அனுப்பினால் அவன் தொழில் குலையும் என்றது. அடுத்த ஆண்டே, மொரோக்கோ நாட்டவன் ஒருவனுடைய வழக்கில், ஐரோப்பாவிற்குள் ஏற்கெனவே சட்டப்படி இருந்தவனுக்கே இவ்வுரிமை என்று பின்வாங்கியது. பின்னர் 2004 ஏப்ரல் 29-ஆம் நாள், பழைய விதிகள் பலவற்றையும் ஒன்றாய்த் திரட்டி 2004/38 என்ற கட்டளைச் சட்டம் பிறந்தது. தொழிலாளி என்ற பழைய பெயர் போய், ஒன்றியப் பிரஜை என்ற புதுப்பெயர் அதில் அரியணை ஏறியது. அயர்லாந்து அதனை ஏற்கும்போது, துணைவர் முன்பே வேறொரு ஐரோப்பிய நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒரு தாழ்ப்பாளைச் சேர்த்தது. அகதியாய் வந்து மறுக்கப்பட்டுப் பின் ஐரோப்பியப் பெண்களை மணந்தோர் அங்கே வழக்காடினர். மெட்டாக் வழக்கு எனப்படும் அதில், 2008 ஜூலை 25-ஆம் நாள், எங்கே மணந்தார், எப்போது மணந்தார், எவ்வழியே நாட்டுக்குள் வந்தார் என்பவை ஒன்றும் பொருளல்ல என்று நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றிக்கொண்டது. டென்மார்க்கில் அக்கோடையில் பெரும் புயல் வீசிற்று. தம் மக்களுக்கு இப்படியொரு வழி உண்டென்பதைக் குடியேற்ற இலாகா எடுத்துரைக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் பத்திரிகைகளில் எழுந்தது.

அக்கட்டளைச் சட்டம் இன்று தருவது யாது? தன் நாடல்லாத ஓர் ஐரோப்பிய நாட்டில் வாழும் பிரஜையின் துணைவர், முதல் மூன்று மாதம் பாஸ்போர்ட் ஒன்றைக் கொண்டே தங்கலாம். அதற்கு மேல், அப்பிரஜை வேலை செய்பவராகவோ, சொந்தத் தொழில் நடத்துபவராகவோ, மாணவராகவோ, பிறர் கையை எதிர்பாராது வாழும் வசதியும் நோய்க்கால இன்ஷியூரன்சும் உள்ளவராகவோ இருந்தால் போதும். குடியிருப்புச் சீட்டை ஆறு மாதத்திற்குள் வழங்கவேண்டும். மொழிப் பரீட்சை இல்லை. வசதி இவ்வளவு தொகையாக இருக்கவேண்டுமென்று எல்லோர்க்கும் ஒரே கணக்கு வரையறுத்தலும் கூடாது. ஐந்தாண்டு தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தவர்க்கு நிரந்தர வாசம். பொய்க் கலியாணம் என்று கண்டால் மறுக்கலாம். ஆனால் பொய்யென்று காட்டும் பாரம் சர்க்காருடையது. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகியவற்றுக்கும் இச்சட்டம் பரவியுள்ளது. சுவிட்சர்லாந்து தனி ஒப்பந்தத்தினால் இதனை ஒத்த நிலையில் இருக்கிறது. சொந்த நாட்டுக்குத் திரும்ப விரும்புவோர், அயலில் மூன்று மாதத்திற்கு மேல் மெய்யாகவே குடும்பம் நடத்தியிருக்க வேண்டும், வார விடுமுறைக்குப் போய்வந்தது கணக்காகாது என்று 2014-இல் நீதிமன்றம் தெளிவாக்கிற்று.

துணைவர் என்ற சொல்லே 2018-இல் விசாரணைக்கு வந்தது. ருமேனிய ஆடவர் ஒருவரும் அமெரிக்க ஆடவர் ஒருவரும் 2010-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் சட்டப்படி மணந்துகொண்டனர். ருமேனியா அதனை மணமென்றே ஏற்கவில்லை. குடியிருக்கும் உரிமைக்காகவேனும் ஏற்றே தீரவேண்டும், துணைவர் என்ற சொல் ஆண் பெண் பாகுபாடு அற்றது என்று அவ்வாண்டு ஜூன் 5-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள் பல ஆண்டுகள் ஒன்றாய் வாழ்ந்து பிள்ளை பெற்றும், 1967-இல் சென்னைச் சட்டமன்றம் திருத்தம் இயற்றும் வரை, சட்டத்தின் கண்ணுக்குத் தம்பதிகளாகத் தோன்றவில்லை. அதனை அறிந்தவர்க்கு இத்தீர்ப்பு அவ்வளவு அயலாகத் தோன்றாது.

பிரிட்டனோ வேறு திசையில் நடந்தது. 2012 ஜூலையில், அயல்நாட்டுத் துணைவரை அழைப்போர் ஆண்டுக்கு 18,600 பவுன் சம்பாதிக்கவேண்டும் என்று விதித்தது. 2024 ஏப்ரலில் அத்தொகையை 29,000 பவுனாக உயர்த்தியது. செவிலியர் உதவியாளரும் கடைச் சிப்பந்தியும் காதலிக்கலாம், மணக்கவும் செய்யலாம். சேர்ந்து வாழ்வதற்குச் சம்பளம் போதாது. அத்தகையோர் பலர் அயர்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்று, சுரிந்தர் சிங் காட்டிய வழியே திரும்ப முயன்றனர். 2014 ஜனவரியில், உங்கள் வாழ்வின் மையமே அங்கு மாறிற்றா என்று கேட்டு அவ்வழியையும் பிரிட்டன் குறுக்கிற்று. பிறகு 2020 ஜனவரி 31-ஆம் நாள் ஒன்றியத்தை விட்டே வெளியேறியது. 2020 முடிவதற்குள் அயலில் குடும்பம் நடத்தியவர்கள் திரும்பிவர 2022 மார்ச் 29 வரை தவணை தரப்பட்டது. அதன்பின், தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டக்கூடிய சிலருக்கன்றி மற்றோர்க்கு அவ்வழி அடைபட்டது. பிரெஞ்சு நாட்டில் வாழும் ஆங்கிலேயன் இப்போது தானே அயலான். 

ஆயினும் ஒன்றியத்தின் சட்டத்தைப் புகழும்போது அதன் அடிப்படைக் குறையை மறைத்தல் நேர்மையாகாது. இவ்வுரிமை துணைவருக்குச் சொந்தமானதன்று; பிரஜையின் உரிமைக்கு நிழலாக நிற்பது. பிரஜை நகர்ந்தால் நிழலும் நகரும். பிரஜை போய்விட்டால் நிழலுக்கு இடமேது? மனைவி கணவன் நிலையைப் பின்பற்றுவாள் என்ற 1804-ஆம் ஆண்டு விதியை முன்வாயிலால் வெளியேற்றிய ஐரோப்பா, ஆண் பெண் வேற்றுமையை மட்டும் களைந்து, அதனைப் பின்வாயிலால் அழைத்துக்கொண்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கட்டளைச் சட்டம் இதற்கு ஓரளவு பரிகாரம் செய்துள்ளது: விவாகரத்து வழக்குத் தொடங்கும் முன் மூன்றாண்டு மணவாழ்வும், அதில் ஓராண்டு அந்நாட்டு வாசமும் இருந்தால், துணைவர் தங்கலாம், வீட்டில் வன்முறைக்கு ஆளானவர்க்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வழக்குத் தொடங்கும் நாளில் அப்பிரஜை அந்நாட்டிலேயே இருக்கவேண்டும் என்று 2015 ஜூலை 16-ஆம் நாள் நீதிமன்றம் கூறிவிட்டது. இந்தியர் ஒருவர், எகிப்தியர் ஒருவர், காமரூன் நாட்டவர் ஒருவர் ஆகிய மூவரும் அயர்லாந்தில் ஐரோப்பியப் பெண்களை மணந்து வாழ்ந்தனர்; மனைவியர் மூவரும் முதலில் நாட்டைவிட்டுப் போய்ப் பிறகே விவாகரத்துக் கோரினர். போன அன்றே கணவரின் உரிமையும் போயிற்று என்பது முடிவு. அடுத்த ஆண்டில், பாகிஸ்தானியப் பெண்ணொருத்தியின் வழக்கில் இம்முடிவு இன்னும் கசந்தது. அவளை அடித்துத் துன்புறுத்திய கணவன் வேலையைத் துறந்து பாகிஸ்தானுக்குப் போய்விட்டான். அவன் போன பின்னரே அவள் விவாகரத்துக் கேட்டாள் என்பதனால், அச்சட்டப் பிரிவின்கீழ் அவளுக்குப் பாதுகாப்பு இல்லையென்று ஆயிற்று. அடித்தவன் எந்தத் தேதியில் விமானம் ஏறினான் என்பது அடிபட்டவளின் வாழ்வைத் தீர்மானித்தது.

2021 செப்டம்பர் 2-ஆம் நாள் நீதிமன்றம் இதனைத் திருத்திக்கொண்டது. இம்முறை வந்தவர் பெல்ஜியத்தில் வாழ்ந்த அல்ஜீரிய ஆடவர். பிரெஞ்சு மனைவியின் வன்முறையால் வீட்டைவிட்டு வெளியேறியவர். வன்முறைக்கு ஆளானவர், பிரஜை நாட்டைவிட்டுச் சென்ற பின்னும், நியாயமான காலத்திற்குள் விவாகரத்து வழக்குத் தொடுத்தால் உரிமையை இழக்கமாட்டார் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அந்த அல்ஜீரியரோ ஏறக்குறைய மூன்றாண்டு கழித்தே வழக்குத் தொடுத்திருந்தார். அது நியாயமான காலமாகத் தோன்றவில்லை என்றும் அதே தீர்ப்பில் எழுதப்பட்டது.